முதுகுக்குப் பின்னால் ஒரு கை

ஆனி மாதம் ஆரல்வாய்மொழியில்
பந்தை மேலே எறிந்தால்
எறிந்த இடத்துக்கே திரும்பி வராது.
கணவாய்க்குள் நுழைகிற காற்று
அதையும் கொஞ்சம் கிழக்கே கூட்டிப்போகும்.
விஜிலாவுக்குத் தெரியும்.
காற்றாலைக் கம்பெனியில் அவளுக்கு வேலையே
காற்றைக் கணக்கெழுதுவதுதான்.
ஆகவே உயர எறியமாட்டாள்.
நெற்றிக்கு ஒரு முழம் மேலே,
கிளையில் கிடக்கும் மாங்காயைத் தட்டுகிற மாதிரி.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சிமெண்ட் ஆடுகளம்.
மேற்கே நிற்கும் பதினேழாம் நம்பர் காற்றாடி
ஐந்து மணிக்கு மேல் தன் நிழலை இதில் போடும்.
மூன்று இதழ்கள்
ஒன்றன்பின் ஒன்றாகக் கோடுகளைப் பெருக்கிப் போகும்.
இரண்டு இதழுக்கு நடுவில் சர்வ் போட வேண்டும்.
எந்த விதிப்புத்தகத்திலும் இது இல்லை.

எதிரே மார்த்தாண்டத்துப் பல் டாக்டர் ஷாமிலி.
இடதுகைக்காரி.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் நிதானத்தோடு
குறுக்கே அடித்து
எங்கள் இடது மூலையில் இறக்குவாள்.
வழக்கம்போல் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.
போயிற்று ஒரு கேம்.
ஆஸ்திரேலியாக்காரர்கள் மாதிரி
இருவரும் ஒரே பக்கம் நின்று குறுக்குவழியை அடைத்தோம்.
நேர்கோட்டில் அடித்தாள்.
விஜிலா வலப்பக்கம் ஓடிச் சேருமுன்
பந்து வேலிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் இது:
நடுக்கோட்டில் நான் குத்தவைத்து,
வலைக்கயிற்றுக்குக் கீழே தலை.
நேர் பின்னால் அவள்.
யார் எந்தப் பக்கம் பாய்வோம் என்று
ஷாமிலிக்குத் தெரியக்கூடாது.
அதனால் முதுகுக்குப் பின்னால் ஒரு கை.
சுண்டுவிரல் என்றால் பந்து வெளியோரம்,
கட்டைவிரல் என்றால் நடுக்கோடு.
பிறகு மூடினால் நான் இடம். விரித்தால் வலம்.
பார்த்துவிட்டால் 'ம்' என்பாள்.
மாசி மாதத்திலிருந்து
எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான்.
முட்டத்தில் அவள் அண்ணன் வள்ளம் வாங்கக் கேட்ட
ஜாமீன் கையெழுத்தை நான் போடவில்லை.
கூட்டுறவு வங்கியில் காசாளர் நான்,
திரும்பி வராத வள்ளங்களின் ஃபைல் என் மேஜையில்.
அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

முப்பது, நாற்பது.
கட்டைவிரல். மூடிய கை.
'ம்.'
நிழல் ஒன்று போனது.
அப்புறம் வலது தோளுக்குக் கீழே
பளாரென்று ஒன்று.

ஃபால்ட் என்றார் ஸ்டோர்கீப்பர் றசல்ராஜ்,
உயரமான ஸ்டூலில் பிஸ்கட்டை மென்றுகொண்டே.
ஷாமிலி வலைவரை ஓடி வந்து பார்த்தாள்,
டாக்டர் அல்லவா, பல்லுக்குத்தான் என்றாலும்.
விஜிலா வரவில்லை.
கோட்டில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்,
நாலு தட்டு, ஐந்து, ஆறு.
"பாத்து நில்லுளா" என்றாள்,
எனக்கா பந்துக்கா தெரியவில்லை.

காற்றா, வேண்டுமென்றேயா.
கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்.

இரண்டாம் சர்வை மெல்லத்தான் போடுவாள்.
ஒரு பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டால்
யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.
சட்டை தோளில் ஒட்டி எரிந்தது.
மறுபடி குத்தவைத்தேன்,
அதே இடம்,
ஒரு விரற்கடை கூடுதல் தாழ்வாக.
கை பின்னால் போனது.
கட்டைவிரல்.
இந்த முறை விரித்தேன்.

சத்தமில்லை.
'ம்' என்று சொன்னாளா,
சொன்னதைக் காற்று முப்பந்தல் பக்கம் கொண்டுபோய்
ஏதாவது காற்றாடியில் போட்டு அரைத்துவிட்டதா.
திரும்பினால் எதிரே தெரிந்துவிடும்.
திரும்பவில்லை.

'ம' மாதிரி மடங்கியிருந்தேன்.
உச்சிமுடி அசைய
மஞ்சளாய் ஒரு புள்ளி
தலைக்கு மேலே போயிற்று.

வலப்பக்கம் பாய்ந்தேன்.
ஷாமிலி திருப்பிய பந்து என் மட்டைக்கு எட்டவில்லை,
அது போன இடம் எனக்குத் தெரியாது.
பின்னால், இடப்பக்கச் சிமெண்டில்,
அவள் ஷூ ஓடுகிற சத்தம் கேட்டது.